அந்தப் பாட்டிக்காக அழுத வாசகருக்கு

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை ஆற அமரப் படித்தேன். மகள் கல்லூரி விடுதிக்குப் போனபின், அவள் அலமாரியில் விட்டுப்போன இளையோர் நாவல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கத் தொடங்கியதை எழுதியிருக்கிறீர்கள். இப்போது நீங்களே கடைக்குப் போய்ப் புதிதாக வாங்குகிறீர்கள். பில் போடும் பையன் "பொண்ணுக்காம்மா?" என்று கேட்டால் "ஆமாப்பா" என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள். வீட்டில் கிண்டல். அலுவலகத் தோழியோ, "இந்த வயசுல நல்ல இலக்கியமா நாலு படிக்கக் கூடாதா?" என்கிறார். நாற்பத்தாறு வயதில் பதினாறு வயதுப் பிள்ளைகளின் கதையில் மனம் போய் ஒட்டிக்கொள்வது ஏதாவது கோளாறா என்று கேட்கிறீர்கள்.

இதற்கான பதிலை உங்கள் கடிதத்தின் நடுவே நீங்களே எழுதிவிட்டு, கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். 'எ மான்ஸ்டர் கால்ஸ்' படித்தபோது அழுதது கானருக்காக இல்லை, அவன் பாட்டிக்காக என்று ஒரு வரி இருக்கிறதே, அதுதான். அதற்கு வருகிறேன்.

முதலில், இதில் நீங்கள் தனியாள் இல்லை. 2012இல் பௌக்கர் என்ற நிறுவனம் அமெரிக்கப் புத்தகச் சந்தையை ஆராய்ந்தது. 12 முதல் 17 வயதினருக்கு என்று முத்திரை குத்தி விற்கப்பட்ட நூல்களை வாங்கியவர்களில் 55 விழுக்காட்டினர் 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். 30 வயதிலிருந்து 44 வயது வரை உள்ளவர்கள் மட்டுமே விற்பனையில் 28 விழுக்காடு. பிள்ளைகளுக்கு வாங்கியிருப்பார்கள் என்றுதானே தோன்றும்? அதையும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 100க்கு 78 முறை, தாங்கள் படிக்கத்தான் வாங்கினோம் என்று பதில் வந்திருக்கிறது. பதிப்பகங்களுக்கு இது அதற்கு முன்பே தெரியும். ஹாரி பாட்டரின் முதல் நூலுக்கு ப்ளூம்ஸ்பரி 1998இலேயே பெரியவர்களுக்கென்று தனி அட்டை போட்டது. உள்ளே கதை அதே கதை. வெளியே மட்டும் வண்ணச் சித்திரம் போய், கறுப்பு வெள்ளையில் ஒரு நீராவி ரயிலின் படம் வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் பார்த்தால் ஏதோ கனமான புத்தகம் என்று நினைத்துக்கொள்வார். கூச்சத்தைக்கூட அட்டை போட்டு விற்கத் தெரிந்தவர்கள்.

பெரியவர்கள் ஏன் இதைப் படிக்கிறார்கள் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களில் எனக்குக் கொஞ்சமும் ஒப்பாதது, 'போன இளமையைத் திரும்ப வாழ்ந்து பார்க்கிறார்கள்' என்பது. பதினைந்து வயதுக்குத் திரும்பிப் போக யாருக்கு ஆசை? முகப்பரு, பொதுத்தேர்வு, வகுப்பில் எங்கோ யாரோ சிரித்தால் நம்மைப் பார்த்துத்தானோ என்ற சந்தேகம். போதுமடா சாமி. அதிலும் இந்த நாவல்களில் வரும் இளமை ஏங்கும்படியாகவா இருக்கிறது? ஒருத்திக்குப் புற்றுநோய், ஒருவனின் அண்ணனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், இன்னொருத்தியைச் சக பிள்ளைகளைக் கொல்ல அரங்கத்துக்குள் தள்ளுகிறார்கள்.

எளிமையாக இருப்பதால் படிக்கிறார்கள் என்பது அடுத்த காரணம். அது உண்மைதான். அத்தியாயங்கள் சிறியவை, முதல் பக்கத்திலேயே கதை கிளம்பிவிடும், ராத்திரி அடுப்படியைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்தால் கண் சொக்குவதற்குள் நாற்பது பக்கம் ஓடிவிடும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் துப்பறியும் கதைகளும் அப்படித்தான் ஓடுகின்றன. நீங்கள் அவற்றைத் தேடிப் போகவில்லையே.

இப்போது அந்தப் பாட்டி. ஷிவோன் டவுட் என்ற எழுத்தாளர் மார்பகப் புற்றுநோயால் 2007இல் இறந்தபோது, ஒரு நாவலுக்கான கருவும் பாத்திரங்களும் தொடக்கமும் மட்டும் எழுதப்பட்டிருந்தன. அவரை நேரில் சந்தித்தே இராத பேட்ரிக் நெஸ் அதை எடுத்து எழுதி முடித்தார். 2011இல் வெளியான 'எ மான்ஸ்டர் கால்ஸ்' மறு ஆண்டே எழுத்துக்குக் கார்னகி பதக்கமும், ஜிம் கேயின் ஓவியங்களுக்குக் கிரீன்அவே பதக்கமும் பெற்றது. ஒரே நூலுக்கு இரண்டும் கிடைத்தது அதுதான் முதல் தடவை. கானருக்குப் பதின்மூன்று வயது. அம்மா நோயில் கிடக்கிறாள். இரவு 12:07க்கு யூ மரம் ஒன்று பூதமாக எழுந்து அவனைத் தேடி வருகிறது. பகலிலோ, அவனுக்குப் பிடிக்காத பாட்டி வருகிறாள். இன்னும் வேலைக்குப் போகிற, கறாரான பாட்டி. யாரும் கை வைக்கக்கூடாத ஒரு முன்னறை, அதில் பரம்பரைக் கடிகாரம். ஒருநாள் கானர் அந்த அறையை அடித்து நொறுக்கிவிடுகிறான். பாட்டி வந்து நின்று பார்க்கிறாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து ஓர் ஓலம் வருகிறது. பிறகு, அந்த அறையில் உடையாமல் மிஞ்சி நின்ற ஒரே அலமாரியைத் தன் கையாலேயே இழுத்துச் சாய்க்கிறாள்.

நெஸ் அதற்கு விளக்கம் எழுதவில்லை. எழுதவும் முடியாது, ஏனென்றால் கதை கானரின் தோளில் உட்கார்ந்துதான் பார்க்கிறது, அவனுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. அவன் வயதில் அதைப் படிக்கிறவருக்கு அது பயமும் புதிருமான ஒரு காட்சி. பக்கத்தைத் திருப்பினால் அடுத்தது வந்துவிடும். உங்களால் திருப்ப முடியவில்லை. சாகப்போகிறவள் கானருக்கு அம்மா என்றால் இந்தக் கிழவிக்கு மகள் என்பது உங்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. மகள் படித்த அதே புத்தகத்தில், மகள் படிக்காத ஒரு கதையை நீங்கள் படித்திருக்கிறீர்கள்.

நான் சொல்லவருவது இவ்வளவுதான். நல்ல இளையோர் நாவலில் பெரியவர்கள் ஓரத்தில்தான் நிற்பார்கள். கதை சொல்வது பிள்ளை. பிள்ளைக்கு அப்பா அம்மாவின் முகம் தெரியும், குரல் தெரியும், அவர்கள் கதவை எந்த வேகத்தில் சாத்துகிறார்கள் என்பது தெரியும். ஏன் என்பது தெரியாது. அந்த ஏனை எழுத்தாளர் எழுதாமல் விட்டு வைத்திருப்பார், அல்லது ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவார். வயது வந்த வாசகருக்கு அது காலியிடமாகத் தெரியாது. அங்கே போட்டு நிரப்ப அவரிடம் சொந்தச் சரக்கு இருக்கிறது. பெரியவர்களுக்கான நாவலில் இந்த வேலை நமக்குக் குறைவு. அங்கே ஐம்பது வயதுக்காரரின் மனத்தை ஐம்பது பக்கத்துக்கு எழுத்தாளரே பிழிந்து கொடுத்துவிடுவார்.

இந்த வகைக்கே பிள்ளையார் சுழி போட்டது என்று சொல்லப்படும் 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.இ. ஹின்டன் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் பள்ளியில் படிக்கும்போதே, பதினைந்து வயதில் எழுதத் தொடங்கியது. 1967இல் அச்சானபோது அவருக்குப் பதினெட்டு. (அதை எழுதிக்கொண்டிருந்த ஆண்டில் படைப்பெழுத்துப் பாடத்தில் பள்ளி அவருக்குக் கொடுத்தது 'டி' கிரேடு. ஆசிரியர்களாக இருப்பவர்கள் கவனிக்க.) கதை சொல்லும் போனிபாய்க்குப் பதினான்கு வயது. பெற்றோர் கார் விபத்தில் இறந்துவிட, மூத்தவன் டேரிதான் இரண்டு தம்பிகளையும் பார்த்துக்கொள்கிறான். போனிபாய் கண்ணுக்கு டேரி ஒரு கல்மனசுக்காரன். எப்போதும் அதட்டல், எப்போதும் குறை. ஒருநாள் இரவு நேரம் கழித்து வந்த தம்பியை அவன் அறைந்துவிட, தம்பி வீட்டை விட்டே ஓடுகிறான். நாவலின் எல்லா விபரீதமும் அந்த ஒரு அறையிலிருந்து கிளம்புகிறது.

டேரிக்கு வயது இருபது. இதைப் பதினான்கு வயதில் படிக்கும்போது இருபது என்பது பெரிய ஆள்தான். நம் வயதில் படித்தால் திடுக்கென்கிறது. இருபது வயதுப் பையன், கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவன், கூரை போடும் வேலைக்குப் போய்விட்டு வந்து, நள்ளிரவு தாண்டியும் வராத தம்பிக்காக விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பிள்ளைகளைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்றால் அரசாங்கம் வந்து தம்பிகளைப் பிரித்து எங்காவது விடுதியில் போட்டுவிடும் என்ற பயம் வேறு. அந்த இரவில் அவன் தலைக்குள் என்ன ஓடியிருக்கும் என்று ஹின்டன் எழுதவில்லை. பதினைந்து வயதில் அவருக்கே அது தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். ஆனால் தான் பார்த்ததை ஒளிக்காமல் எழுதிவிட்டார். டேரி முழுசாக அங்கே இருக்கிறான், நாம் போய்ப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. இது எனக்கு இன்றைக்கும் வியப்பு.

வளர்ந்தபின் எழுதியவர்கள் இதையே தெரிந்து செய்கிறார்கள். சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008இல் வந்தது. அதில் அரங்கத்துக்குள் தள்ளப்படும் காட்னிஸால் தன் அம்மாவை மன்னிக்க முடியவில்லை. சுரங்க விபத்தில் அப்பா செத்தபின் அம்மா படுக்கையில் சுருண்டுவிட்டாள். இரண்டு பிள்ளைகள் பட்டினியில் கிடந்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை. பதினோரு வயதுப் பெண் காட்டுக்குள் போய் வேட்டையாடி வீட்டைக் காப்பாற்றினாள். கோபம் நியாயமானதுதான். ஆனால் அரங்கத்துக்குக் கிளம்பும் முன் விடைபெறும்போது, மறுபடி அப்படிச் சுருண்டுவிடாதே என்று மகள் கத்த, அப்போது எனக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது என்று அம்மா சொல்கிறாள். இப்போது கையில் இருக்கும் மருந்து அன்றைக்கு இருந்திருந்தால் தன்னைத் தானே குணப்படுத்திக்கொண்டிருப்பாளாம். ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவள் அவள். கதை உடனே அடுத்த ஆரவாரத்துக்குப் போய்விடுகிறது. மனச்சோர்வில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஒரு தாயை வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பார்த்திருக்கிறவர் அங்கேயே நின்றுவிடுவார்.

ஜான் கிரீனின் 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' (2012) உங்கள் பட்டியலிலும் இருக்கிறது. புற்றுநோயோடு வாழும் ஹேசலும் அகஸ்டஸும் பேசுகிற பேச்சு எனக்கு அளவுக்கு மீறிய புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது. அந்த வயதில் யாரும் அவ்வளவு அழகாகத் தத்துவம் பேசிக் கேட்டதில்லை. ஆனால் ஹேசலின் அம்மா! மகள் சாகக் கிடந்த ஒரு சமயத்தில், இனி நான் யாருக்கும் அம்மா இல்லையே என்று அவள் கணவனிடம் விம்மியதை மகள் கேட்டுவிடுகிறாள். பிற்பாடு ஒரு சண்டையில்தான் தெரியவருகிறது, அம்மா சமூகப்பணி முதுகலைப் படிப்பில் சேர்ந்து இரகசியமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பது. மறைத்ததற்குக் காரணம், மகள் இல்லாத வாழ்க்கையைத் தான் திட்டம் போடுவதாக மகள் நினைத்துவிடக் கூடாதே என்பது. ஹேசலுக்கு அது பெரிய நிம்மதி, மகிழ்ந்துபோகிறாள். நமக்கு? அந்தத் தாய் எந்த இரவில், எந்த மனத்தோடு விண்ணப்பத்தை நிரப்பியிருப்பாள் என்று யோசித்தால் தனியாக ஒரு நாவலே ஓடுகிறது.

ஆன்ஜி தாமஸின் 'தி ஹேட் யூ கிவ்' (2017) இன்னும் கடினம். கதை சொல்லும் ஸ்டாருக்குப் பன்னிரண்டு வயதானபோது பெற்றோர் அவளுக்கு இரண்டு பாடங்கள் சொல்லித் தருகிறார்கள். ஒன்று உடலைப் பற்றி. மற்றது, போலீஸ்காரர் நிறுத்தினால் கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும், எப்படித் திடீரென்று அசையக்கூடாது என்பது. சொல்லிக் கொடுக்கப்பட்டதை ஸ்டார் நமக்குச் சொல்கிறாள். அமெரிக்கக் கறுப்பினத் தகப்பன் ஒருவன் பன்னிரண்டு வயது மகளை எதிரே உட்காரவைத்து அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது அவன் மனத்தில் என்ன ஓடியது என்பது புத்தகத்தில் இல்லை.

ஓர் இடைச்செருகல்: 'ட்வைலைட்' நூலை நான் முடித்ததே சார்லிக்காகத்தான். ஃபோர்க்ஸ் என்ற சிற்றூரின் காவல் துறைத் தலைவர், நெடுநாள் தனியாக வாழ்ந்தவர், வீட்டுக்கு வந்திருக்கும் மகளிடம் என்ன பேசுவது என்று தெரியாத அப்பா. இரவுதோறும் இரத்தக் காட்டேரி ஒன்று ஜன்னல் வழியாக மகள் அறைக்கு வந்து போகிறது. மனிதர் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறார். காதல் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டு அவர் வரும் இடங்களில் நிதானித்துப் படித்தேன்.

உங்கள் தோழியின் கட்சிக்கும் ஆள் உண்டு. 2014இல் ரூத் கிரஹாம் 'ஸ்லேட்' இதழில், பெரியவர்கள் இளையோர் நாவல் படிப்பதற்கு வெட்கப்பட வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதிப் பெரிய சண்டையைக் கிளப்பினார். எல்லாரும் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். நான் திட்டமாட்டேன். முடிவுகளைப் பற்றி அவர் சொன்னதில் பாதி சரி. இந்த வகையில் பல நூல்கள் கடைசிப் பக்கத்தில் நம்மை ஒழுங்காக அழவைத்தோ ஆர்ப்பரிக்கவைத்தோ அனுப்பிவிடுகின்றன. குழப்பத்தோடு வீட்டுக்கு அனுப்பத் துணிவதில்லை. 'ஹங்கர் கேம்ஸ்' வெற்றிக்குப் பின்னால் வரிசை கட்டிய கொடுங்கோல் அரசுக் கதைகளில் பலவற்றை என்னால் இரண்டாம் பாகத்துக்குமேல் இழுக்க முடியவில்லை. அங்கே பெரியவர்கள் எல்லாரும் முட்டாள்கள் அல்லது வில்லன்கள். பிள்ளை அறையை விட்டு வெளியே போனதும் அந்த அப்பா அம்மாவுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை, பொம்மையாக நிற்கிறார்கள். அப்படி ஒரு நூல் கையில் அகப்பட்டால் கீழே வைத்துவிடுங்கள். அது உண்மையிலேயே பிள்ளைகளுக்கு மட்டுமானது. பிள்ளைகளுக்கும் அது போதாது என்பேன்.

கிரஹாம் தவறுவது, முத்திரையை நம்பிய இடத்தில். முத்திரை கடைக்காரருக்கு உதவும் ஒரு காகிதம். மார்கஸ் ஸூசாக்கின் 'தி புக் தீஃப்' 2005இல் ஆஸ்திரேலியாவில் பெரியவர்களுக்கான நாவலாக வந்தது. மறு ஆண்டு அமெரிக்காவில் அதே நாவல் இளையோர் அலமாரியில் ஏறியது. சிட்னியில் ஒருவர் தலை நிமிர்ந்து படித்ததை நியூயார்க்கில் ஒருவர் வெட்கத்தோடு படிக்க வேண்டுமா? 2003இல் மார்க் ஹாடனின் 'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் த டாக் இன் த நைட் டைம்' ஒரே சமயத்தில் இரண்டு பதிப்புகளாக, பெரியவர்களுக்கு ஒன்றும் சிறுவர்களுக்கு ஒன்றுமாக வந்தது. அதில் வரும் அப்பா மகனிடம் சொல்லும் பொய்யை மன்னிக்கலாமா என்பதில் இரண்டு பதிப்பின் வாசகர்களும் ஒத்துப்போவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

தமிழில் இந்த அலமாரியே அண்மைக் காலம் வரை இருந்ததில்லை. 'இளையோர் நாவல்' என்று அட்டையில் போடுவதே இப்போதுதான் பழகிவருகிறது. அதனால் நமக்கு ஓர் இலாபமும் இருந்தது. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலில் சந்திரசேகரன் செகந்திராபாத்தில் படிக்கும் பையன். கிரிக்கெட்டும் கல்லூரியுமாகச் சுற்றுகிறவனைச் சுற்றி நிஜாம் ராஜ்ஜியம் கவிழ்ந்துகொண்டிருக்கிறது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் ஆடு மேய்க்க விடப்பட்ட பண்ணையத்துச் சிறுவர்கள். இரண்டையும் வேறு நாட்டில் வேறு அட்டை போட்டு இளையோர் வரிசையில் வைத்திருக்கலாம். இங்கே யாரும் அப்படி வைக்கவில்லை, யாரும் கூச்சப்பட்டு ஒளித்துப் படிக்கவும் இல்லை. உங்கள் தோழி 'நல்ல இலக்கியம்' என்று சொல்லும்போது மனத்தில் வைத்திருக்கும் பட்டியலில் இவை இரண்டும் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். செகந்திராபாத்தில் குடும்பத்தோடு மாட்டிக்கொண்ட அந்த ரயில்வே ஊழியரான தகப்பனை மட்டும் கவனித்துக்கொண்டே 'அட்சக்கோட்'டை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்' (2017). கவிதை வரிகளாக எழுதப்பட்டது, ஒரே இரவில் முடித்துவிடலாம். அண்ணனைக் கொன்றவனைச் சுடத் துப்பாக்கியோடு லிஃப்டில் இறங்கும் பதினைந்து வயதுப் பையன்; ஒவ்வொரு மாடியிலும் இறந்துபோன ஒருவர் ஏறிக்கொள்கிறார். மொத்தக் கதையும் லிஃப்ட் கீழே போகும் அந்த ஒரு நிமிடம்தான். மேலே வீட்டில் ஒரு மகனை இழந்து அழுதுகொண்டிருக்கும் அம்மா லிஃப்டுக்குள் வருவதேயில்லை. நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு ராபர்ட் கார்மியரின் 'ஐ ஆம் த சீஸ்' (1977). கிரஹாமின் குற்றச்சாட்டு ஒட்டாத நூல். முடிவு வயிற்றைக் கலக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன். மாசசூசெட்ஸில் பத்திரிகையாளராக இருந்த கார்மியர், அதில் ஏமி என்ற பெண்ணின் தொலைபேசி எண்ணாகத் தன் வீட்டு எண்ணையே அச்சிட்டுவிட்டார். பிள்ளைகள் விடுவார்களா? கூப்பிட்டு, ஏமி இருக்கிறாளா என்று கேட்டார்கள். கார்மியர் எடுத்து, தான் ஏமியின் அப்பா என்று பேசுவாராம்.

கார்மியரின் புத்தகம் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்காவிட்டால் எழுதுங்கள், என் பிரதியை அனுப்பிவைக்கிறேன். ஆனால் திருப்பித் தர வேண்டும். இதற்கு முன் வாங்கிப்போனவர் தரவில்லை, இது இரண்டாவது பிரதி.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்